சின்ன ஓர்கிட் வந்து சேர்ந்தால் முதலில் வேரைப் பாருங்கள்

போன வைகாசியில் கண்டிக்குப் போய்த் திரும்பும்போது மூன்று சின்ன ஓர்கிட் தொட்டிகளை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு மட்டக்களப்புக் கல்லடி வரை கொண்டு வந்து சேர்த்தேன். பூ இல்லை, பெயர்ச் சீட்டும் இல்லை, உள்ளங்கை அகலம்கூட இல்லாத செடிகள். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, வேரெல்லாம் வெளியில கிடக்குது, மண் போட மறந்துட்டாங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஓர்கிட்டைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல் அந்த வெளியில் கிடக்கும் வேரில்தான் இருக்கிறது.

வீடுகளில் தொங்கவிடும் ஓர்கிட்டுகளில் பெரும்பாலானவை மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழும் இனங்கள். சிலர் இவற்றை ஒட்டுண்ணி என்று நினைக்கிறார்கள், அது சரியில்லை. மரத்திடமிருந்து ஒரு சொட்டுச் சாறுகூட எடுப்பதில்லை, இருக்க இடம் மட்டும்தான். ஆனால் கிளையில் இருப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. மழை விட்டதும் பட்டையில் வழிகிற தண்ணீர் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், அதற்குள் குடித்து முடிக்க வேண்டும். அதற்காகத்தான் வேரைச் சுற்றி வெலமென் என்ற உறை இருக்கிறது. செத்துப்போன, உள்ளே வெறுமையான செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த பஞ்சு அது.

ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்துக் காய்ந்த வேரில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். சாம்பல் கலந்த வெள்ளியாக இருந்த வேர் உங்கள் கண் முன்னாலேயே பச்சையாகிவிடும். காய்ந்த பஞ்சுக்குள் இருப்பது காற்று, அது வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் புகுந்ததும் உறை கண்ணாடி மாதிரியாகி, உள்ளே இருக்கும் உயிருள்ள பகுதியின் பச்சையம் வெளியே தெரிகிறது. ஆம், இந்த வேர் இலையைப் போல ஒளிச்சேர்க்கையும் செய்யும். ஆகவே தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. வேர் பச்சையாக இருந்தால் பொறுங்கள், வெள்ளையானால் ஊற்றுங்கள். எந்நேரமும் ஈரமாகவே வைத்திருந்தால் பஞ்சு முழுக்க நீர் நிறைந்து, உள் வேருக்குக் காற்று போகாமல் அழுகத் தொடங்கும். அழுகிய வேரை விரலால் அழுத்தினால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்டதைச் சுத்தமான கத்தியால் வெட்டி எறிந்துவிடலாம், வெள்ளை வேரைச் செத்தது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

சரி, பெயர் தெரியாத செடியை எப்படி அடையாளம் காண்பது? கலப்பினத்தின் முழுப்பெயர் கிடைக்காது, பூத்த பிறகும் அது கஷ்டம்தான். ஆனால் எந்தப் பேரினம் என்று தெரிந்தாலே வளர்க்கப் போதும், அதைச் செடியின் உடம்பே காட்டும். அது மேல் நோக்கி ஏறுகிறதா, பக்கவாட்டில் நடக்கிறதா என்று பாருங்கள். ஒரே தண்டு உச்சியில் இலை விட்டுக்கொண்டே போனால் ஃபலனொப்சிஸ் அல்லது வன்டா. ஃபலனொப்சிஸுக்கு அகலமான, தடித்த இலைகள் மூன்று நான்கு, அவ்வளவுதான். வன்டாவுக்கு நாடா போன்ற இலைகள் இரண்டு பக்கமும் வரிசையாக, வேர் பென்சில் தடிப்பு. இஞ்சிக் கிழங்கு போலப் பழைய முளையின் அடியிலிருந்து புது முளை பக்கத்தில் கிளம்பினால் அது மற்றக் கூட்டம். அதில் கணுக்கணுவாக, கரும்பின் குட்டி போல நிற்பது டென்ட்ரோபியம். தட்டையான குமிழும் மெல்லிய இலையும் என்றால் பெரும்பாலும் ஒன்சிடியம். குண்டான தண்டின் உச்சியில் தோல் போன்ற ஓரிரு இலை மட்டும் என்றால் கட்லியாவாக இருக்கலாம். இந்தக் குமிழும் தண்டும் செடியின் தண்ணீர்த் தாங்கி. சுருங்கியிருந்தால் குடித்துப் போதவில்லை, அல்லது குடிக்க வேர் இல்லை. வன்டாவுக்கும் ஃபலனொப்சிஸுக்கும் அந்தத் தாங்கி இல்லாததால் அவை இலையிலும் வேரிலும்தான் சேமிக்கின்றன.

என் மூன்றில் இரண்டு டென்ட்ரோபியம், ஒன்று ஃபலனொப்சிஸ். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துக்கு நான் சொல்வது டென்ட்ரோபியமும் வன்டாவும்தான். கடைகளில் கிடைக்கும் டென்ட்ரோபியம் கலப்பினங்கள் பலவற்றின் மூதாதை வட அவுஸ்திரேலியா, நியூகினிப் பக்கத்து வெப்ப நிலத்துச் செடி. நம் வெயில் அதற்குப் புதிதல்ல. ஃபலனொப்சிஸ் இலை நன்றாகவே விடும், ஆனால் பூந்தண்டு கிளம்பச் சில வாரங்கள் கிட்டத்தட்ட 25 பாகைக்குக் கீழே குளிர வேண்டும், 28 பாகைக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் பூக்காது. நம் ஊரில் அதற்கு மாரி காலத்தை நம்பித்தான் இருக்க வேண்டும்.

இந்தக் குட்டிச் செடிகள் ஏன் இவ்வளவு நோஞ்சானாக இருக்கின்றன என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஓர்கிட் விதை தூசி மாதிரி, உள்ளே சேமித்த உணவே கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், சீனி கலந்த அகர் என்ற கடற்பாசிக் கூழ் மேல் தூவினால் பூஞ்சை இல்லாமலே முளைக்கும் என்று காட்டினார். இன்றைக்கும் நாற்றுகள் அப்படித்தான் போத்தலுக்குள் பிறக்கின்றன. போத்தலுக்குள் காற்று நூறு வீதம் ஈரம், ஆகவே இலையின் மெழுகுப் பூச்சு மெலிதாகவே இருக்கும், இலைத்துளைகளும் சரியாக மூடப் பழகியிருக்காது. வெளியே வந்த முதல் மாதங்களில் செடி அதைத்தான் கற்றுக்கொள்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் நம் ஊரில் கச்சான் வீசுகிறது. தென்மேற்குக் காற்று மலைநாட்டில் மழையாகக் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, காய்ந்த காற்றாக நம்மிடம் வருகிறது. வைகாசி முதல் ஆவணி வரை இதுதான். எனவே கோடையில் வாங்கிய குட்டிச் செடியை மேற்குப் பக்கம் தொங்கவிடாதீர்கள். சுவர் மறைவில், நிழல் வலைக்குக் கீழே, தரையில் ஈர மணல் தட்டு வைத்து அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டால் சுற்றிலும் ஈரப்பதம் நிற்கும். வெளிச்சம் போதுமா என்பதை இலை சொல்லும். கடும்பச்சை என்றால் நிழல் கூடிவிட்டது, இளம்பச்சை என்றால் சரி, சிவப்பு ஓடினால் வெயில் எல்லையைத் தொட்டுவிட்டது.

தண்ணீர்தான் எனக்கு வலித்த பாடம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாக உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. கோடையில் அது வற்றும்போது கிணறு உவர்க்கத் தொடங்கும். நாலு வருடத்துக்கு முன் அந்தத் தண்ணீரையே ஊற்றி ஒரு நல்ல வன்டாவை இழந்தேன். வேர்நுனி கறுத்தது, தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு, நான் நோய் என்று நினைத்து மருந்து தேடிக்கொண்டிருந்தேன். உப்புக் கூடினால் வேருக்குள் நீர் போவதற்குப் பதிலாக வெளியே இழுபடும். இப்போது பீலியில் வழியும் மாரித் தண்ணீரைப் பரலில் பிடித்து, நுளம்பு போகாதபடி இறுக்கி மூடி வைக்கிறேன். முடிந்தபின் குழாய்த் தண்ணீர். தேங்காய்ப் பொச்சுத் துண்டு போடுகிறவர்களும் கவனியுங்கள், பொச்சிலேயே உப்பு உண்டு, இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். நான் சிரட்டைக்கரியும் உடைந்த ஓட்டுத் துண்டும்தான் போடுகிறேன்.

காலையில் ஊற்றுங்கள். குருத்துக்குள் தண்ணீர் இரவெல்லாம் தேங்கினால் பக்டீரியா நுழைந்து உச்சி அழுகும், ஃபலனொப்சிஸ் இதில் ரொம்ப மோசம். தடித்த இலை ஓர்கிட்டுகள் அன்னாசியைப் போல இரவில்தான் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன, ஆகவே இரவில் காற்றோட்டம் வேண்டும்.

புதுச்செடியை மூன்று வாரமாவது பழைய செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். இலையின் அடிப்பக்கம் நடு நரம்போரம் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பழுப்புப் புள்ளி கழன்று வந்தால் செதில் பூச்சி. பஞ்சில் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போதும், வாரம் ஒரு தடவை, திரும்பத் திரும்ப. காட்டு மரத்தில் கண்டதைப் பிடுங்கி வர வேண்டாம். அந்த வேர் பட்டையோடு ஒட்டியிருக்கும், பிய்த்தால் கிழிந்துதான் வரும், பிழைப்பது கஷ்டம்.

புது வேர் வரும் வரை உரமும் வேண்டாம். என் டென்ட்ரோபியம் ஒன்று கார்த்திகை மழை தொடங்கிய பிறகுதான் அடியில் நெல்மணி அளவு முளை விட்டது, பின்னாலேயே பளபளவென்று பச்சை நுனியோடு இரண்டு வேர். பைக்கற்றில் போட்டிருந்த அளவில் நான்கில் ஒரு பங்கை மட்டும் கலந்து அன்றுதான் முதல் உரம் கொடுத்தேன்.