தேரிக்காட்டுச் சில்லுக்கு என்ன வயது?

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கோடிக் கடற்கரையில் தொடங்கி, தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி வரை ஆங்காங்கே செம்மணல் மேடுகள் உண்டு. தேரி என்பார்கள். பனையும் உடைமரமும் நிற்கும். ஆடிக்காற்று மணலை வாரிக்கொண்டு போன பிறகு நடந்தால், நகத்தளவு கல் சில்லுகள் கண்ணில் படும். நுண்கற்கருவிகள். கத்தியாக, அம்பு முனையாக, மீன் அறுக்கவோ தோல் சுரண்டவோ யாரோ செய்தவை. கையில் எடுத்தவர் முதலில் கேட்பது எத்தனை வருடம் பழையது என்றுதான். பக்கத்தில் நிற்பவர் பத்தாயிரம் என்பார். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் அது ஐம்பதாயிரம் ஆகிவிடும்.

வயதுக்கு முன்னால், அது மனிதக் கைவேலைதானா என்று பார்க்க வேண்டும். தேரிக் கருவிகளில் பெரும்பாலானவை வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். அல்லது சிக்கிமுக்கிக்கல்லின் இனமான செர்ட். செர்ட்டின் ஓரத்தில் சரியான கோணத்தில் இன்னொரு கல்லால் தட்டினால், அடியின் விசை உள்ளே வளைந்து ஓடி ஒரு செதிலைப் பெயர்க்கும். அடி விழுந்த இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு இருக்கும், அதிலிருந்து மங்கலான வளைவரிகள் விரியும். பெயர்ந்த செதிலில் புடைப்பு என்றால், தாய்க்கல்லில் அதே இடத்தில் பள்ளம். வெங்கச்சங்கல் இவ்வளவு ஒழுங்காக உடையாது. உள்ளே விரிசல் ஓடி நொறுங்கும், வரிகள் சரியாகத் தெரியாது. அதனால் வெங்கச்சங்கல் சில்லைப் பார்த்து அடித்துச் சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம். மாட்டுக் குளம்பும் டிராக்டர் சக்கரமும்கூடக் கல்லை உடைக்கும்.

நல்ல செர்ட் சில்லு ஒன்றைப் பத்து மடங்கு லென்ஸில் வைத்துப் பாருங்கள். முதுகுப் பக்கம் முழுக்க அடுத்தடுத்துப் பெயர்த்த தழும்புகள். நுங்கு சீவியவர் எந்த வெட்டைக் கடைசியாகப் போட்டார் என்பது சீவிய முகத்தைப் பார்த்தாலே தெரியுமல்லவா, அதேபோலத்தான்: எந்தத் தழும்பு இன்னொன்றின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறதோ அது பிந்தியது. இப்படியே பின்னோக்கிப் போனால், கல்லைச் செதுக்கியவர் எந்தத் திசையிலிருந்து தொடங்கினார், எங்கே கல்லைத் திருப்பினார் என்பது வரை கிடைக்கும். சில சில்லுகளில் ஒரு ஓரம் கூர்மை, எதிர் ஓரம் பொடிப்பொடியாகத் தட்டி மழுக்கியது. மழுங்கிய பக்கத்தை மரத்திலோ எலும்பிலோ பதித்துப் பிசின் வைத்து ஒட்ட வசதி. இன்னும் சில முனைகளில் இரண்டு முகத்திலும் சன்னமான தழும்புகள் வரிசையாக ஓடும். இது அடித்துச் செய்ததல்ல. கொம்பு நுனி போன்ற ஒன்றால் அழுத்தி அழுத்திப் பெயர்த்தது.

இந்தப் பாணிகளுக்கு ஒரு வரிசை உண்டு. பெரிய கல்லின் இரு பக்கமும் செதுக்கிய கைக்கோடரி மிகப் பழையது. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் அதன் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011ல் வெளியான ஆய்வு சொன்னது. தாய்க்கல்லை முன்கூட்டியே வடிவமைத்து, வேண்டிய செதிலை ஒரே அடியில் எடுக்கும் லெவல்வா முறை அப்புறம் வந்தது; அதே ஊரில் அது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிவிட்டது என்று 2018ல் தெரிந்தது. நுண்கற்கருவி இவற்றுக்கெல்லாம் பிந்தியது.

சரி, பிந்தியது என்றால் எவ்வளவு பிந்தியது? இங்கேதான் பாணி கைவிடுகிறது. இலங்கையின் ஃபாகியன் குகையில் நுண்கற்கருவிகள் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே இருக்கின்றன. ஆந்திரத்து ஜ்வாலாபுரத்தில் 30,000 ஆண்டுகளுக்கும் மேல். இந்தியாவின் பல இடங்களில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை செய்துகொண்டே இருந்தார்கள். அந்தமான் பழங்குடியினர் வெள்ளைக்காரர் போட்ட பாட்டில் கண்ணாடியைச் செதுக்கி முடி மழிக்கப் பயன்படுத்தினார்கள். ஆக, வெறும் செதுக்கலை வைத்து ஆண்டு சொல்ல முடியாது. தேவை இருந்தால், கல்லும் கிடைத்தால், பழைய முறை எத்தனை காலமும் தொடரும்.

தேரியில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்று மணலை மட்டும் கொண்டுபோகும், கல்லை விட்டுவிடும். மேல் அடுக்குச் சில்லும் கீழ் அடுக்குச் சில்லும் ஒரே தரையில் வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்தில் கிடந்தது என்பதற்காக இரண்டும் ஒரே காலம் ஆகிவிடாது.

தொல்லியலாளர்கள் ஜாய்னரும் ஆல்சினும் 1956ல் வேறு வழி பிடித்தார்கள். தேரி மணல் எப்போது குவிந்தது என்பதைப் பழைய கடல் மட்டத்தோடு பொருத்திப் பார்த்து, இந்தக் கருவிகள் கி.மு. 4000 வாக்கில் இருக்கலாம் என்று கணித்தார்கள். அன்றைக்கு இருந்த வசதிக்கு அது கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் கடல் மட்டம் பற்றிய கணக்கு மாறினால் கருவியின் வயதும் கூடவே மாறும்.

இலங்கைக் கருவிகளோடு உறவு தேடுவதில் நியாயம் உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. பாக் நீரிணையோ ஆழமில்லாதது. இராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்கு அப்போது தரைவழி இருந்தது. ஆனால் இலங்கைக் குகைகளின் வயதைத் தேரிக்கு அப்படியே கடன் வாங்க முடியாது. அங்கே கரித்துண்டு அகப்படுகிறது, ரேடியோ கார்பன் முறை வேலை செய்கிறது. தேரிச் செம்மணலில் கரியும் எலும்பும் தங்குவது அரிது.

அதனால் மணலையே கேட்கிறார்கள். புதைந்த குவார்ட்ஸ் மணித்துகள், சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கும். வெயில் பட்டால் சேமிப்பு காலி. ஆகவே கருவி இருக்கும் அடுக்கில் ஓர் இரும்புக் குழாயை வெளிச்சம் படாமல் அடித்துச் செருகி, மணலை எடுத்து, மங்கலான சிவப்பு விளக்கு அறையில் திறக்கிறார்கள். துகள்மீது ஒளியைப் பாய்ச்சினால் சேமித்த ஆற்றல் மினுக்கமாக வெளிவரும். அதை வைத்து, அந்தத் துகள் மொத்தம் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு வருடத்துக்கு வாங்கும் அளவால் வகுத்தால், மணல் கடைசியாக வெயில் கண்ட காலம் வரும். கல் எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் இருந்தது என்ற குறிப்பு இருந்தால்தான் அந்த எண்ணைக் கல்லோடு சேர்க்க முடியும். பொறுக்கிச் சட்டைப்பையில் போட்ட சில்லுக்கு இந்த வழி இல்லை. அதற்கு மிஞ்சுவது செதுக்கல் பாணி தரும் வரிசை மட்டும்தான்.