மோட்டார் இல்லாமல் திரும்பும் தலை

அக்டோபர் பிறந்தால் நியூஜெர்சியில் எங்கள் தெரு முழுக்கச் சுடுகாட்டுக் களை. புல்தரையில் கல்லறைகள், மரத்தில் எலும்புக்கூடுகள். 31-ஆம் தேதி ஹாலோவீன் இரவில் மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளை மிரட்டத்தான் இத்தனை பாடும். எதிர்வீட்டுக்காரர் மோட்டார், சென்சார் என்று செலவழித்து ஒரு பிசாசை எழுந்து உட்கார வைத்தார். நான் செய்த கல்லறையில் அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அதில் பதித்த முகம், நடைபாதையில் போகிறவர்களைத் தலை திருப்பிப் பார்த்தது.

அந்த முகம் வெளியே புடைத்திருக்கவில்லை, உள்ளே குழிந்திருந்தது. கொலு பொம்மை வார்க்கிற அச்சின் உட்பக்கத்தைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் 1969-ல் திறந்த ‘ஹாண்டட் மேன்ஷன்’ பேய்மாளிகையில், கடந்து போகிறவர்களை முறைக்கும் மார்பளவுச் சிலைகளும் இப்படிக் குழிந்தவைதான்.

பிறந்த நாளிலிருந்து நாம் பார்த்த முகமெல்லாம் மூக்கு முன்னால் நீண்ட முகம். அதனால் கண் எதைச் சொன்னாலும், ‘முகம் என்றால் புடைப்புதான்’ என்று மூளை தீர்ப்பெழுதிவிடுகிறது. பிரிட்டன் உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரி, சுழலும் சாப்ளின் முகமூடி ஒன்றை வைத்து இதைக் காட்டினார். உட்பக்கம் நம் பக்கம் திரும்பியதும் குழி புடைப்பாக மாறிவிடும். விஷயம் தெரிந்தவருக்கும் அப்படித்தான். மனச்சிதைவு நோயுள்ளவர்கள் இதில் அவ்வளவாக ஏமாறுவதில்லை என்று 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. முகத்தைத் தலைகீழாக மாட்டினால் நமக்கும் மயக்கம் குறைகிறது.

சரி, தலை ஏன் திரும்புகிறது? ரயில் ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள கம்பம் பின்னால் ஓடும். தூரத்து மலை கூடவே வரும். குழிமுகத்தில் மூக்குதான் தொலைவு, விளிம்புதான் அருகு. நீங்கள் வலப்பக்கம் நடந்தால், விளிம்பை ஒப்பிட மூக்கும் வலப்பக்கம் நகரும், அந்த மலையைப் போல. மூளையோ மூக்கை அருகில் என்று முன்பே முடிவுகட்டிவிட்டது. அருகிலுள்ள மூக்கு நம்மோடு வர வேண்டுமானால் ஒரே வழி, தலை திரும்பியிருக்க வேண்டும். கணக்குப்படி நீங்கள் 20 டிகிரி நகர்ந்தால் முகம் 40 டிகிரி திரும்பியதாகத் தோன்றும். காலண்டர் சாமி படத்தில் கண்கள் மட்டும் நம்மைத் தொடரும். அது தட்டைப் படம். இங்கே தலையே நம்மை முந்திக்கொண்டு திரும்புகிறது.

செய்ய அதிகம் வேண்டாம். விக் மாட்டும் தெர்மாகோல் தலை, வாசலின், எலும்பு முறிவுக்குப் போடுகிற மாவுக்கட்டுத் துணி. தலையில் வாசலின் தடவி, காதுக்கு முன்பகுதி வரை மட்டும் நனைத்த துணியை நாலு அடுக்கு ஒட்டி, இறுகியதும் கழற்றினால் முகத்தின் அச்சு உட்பக்கம் அப்படியே விழுந்திருக்கும். நமக்கு வேண்டியதும் உட்பக்கம்தான். அதற்கு மங்கலான சாம்பல் பெயின்ட். பளபளப்பு ஆகாது, வெளிச்சப் புள்ளி ஏடாகூடமாக நகர்ந்து குழியைக் காட்டிக்கொடுத்துவிடும். கல்லறைக்கு ஐந்து சென்டிமீட்டர் ஃபோம் பலகை இரண்டை ஒட்டி, முக அளவுக்கு ஓட்டை அறுத்துப் பின்னாலிருந்து பொருத்தினேன். முதல் பலகைக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். கற்பூரம் மாதிரி கரைந்தே போனது! அதிலுள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். தண்ணீரில் கலக்கும் பெயின்ட்தான் சரி.

விளக்கு வைப்பதில்தான் விளையாட்டே. வெளிச்சம் மேலிருந்து வரும் என்பது மூளையின் இன்னொரு பிடிவாதம். குழிமுகத்தில் நெற்றிப் பகுதி கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், கீழே விளக்கு வைத்தால் நெற்றி மினுங்கும், சாதாரண வெயிலில் நிற்கும் ஆள் போல இருக்கும். மேலே வைத்துப் பாருங்கள்: தாடைக்கடியில் டார்ச் பிடித்த பேய்க்களை வந்துவிடும். நான் மேலேதான் வைத்தேன், முன்னால் ஒரு பட்டர் பேப்பர் கட்டி. இல்லாவிட்டால் விளிம்பின் நிழல் கோடாக விழும்.

தூரம் முக்கியம். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருப்பதால், கிட்டே போனால் ஆழம் பிடிபட்டுவிடும். தூரம் இரட்டிப்பானால் அந்தத் துப்பு கால்வாசியாகக் குறையும். என் கல்லறை நடைபாதையிலிருந்து மூன்று மீட்டரில் இருந்தது. ஒரு மீட்டரில் வெறும் பள்ளம். செல்போனில் பார்த்துச் சோதிக்காதீர்கள். அதற்கு ஒற்றைக் கண் என்பதால் கிட்டத்திலும் ஏமாந்துபோகும்.

ஸ்பைடர்மேன் உடையில் வந்த ஒரு பையன் சந்தேகப்பட்டுக் கல்லறைக்குப் பின்னால் போனான். மாவுக்கட்டுத் துணி, ஒரு பல்பு, ஒயர். மோட்டாரைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நடைபாதைக்கு வந்தான். இடப்பக்கம் நாலடி வைத்தான், வலப்பக்கம் நாலடி வைத்தான். முகம் விடவில்லை. மிட்டாய் வாங்காமலே ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.