ஆடிக் காற்றும் சிறு விமானமும்: தரைக்கும் வானுக்கும் இடையிலான சில நொடிகள்

ஆடி மாதம் கப்பலூர் நான்குவழிச் சாலையில் லாரியின் மறைவிலேயே பைக் ஓட்டிப் போகிறோம். லாரி விலகியதும் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் வண்டி சட்டென்று ஒதுங்கும். காற்றின் வேகத்தைவிட, அது திடீரென மாறுவதுதான் நம்மைத் தடுமாற வைக்கிறது. செஸ்னா 172 போன்ற சிறு விமானம் கிளம்பும்போதும் பெரிய ஆபத்து இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஒரு முனை 09, மறுமுனை 27. விமானம் ஓடும் திசையின் டிகிரியைப் பத்தால் வகுத்த எண்கள் இவை: 90 கிழக்கு, 270 மேற்கு. தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்கொள்ள 27, அதாவது மேற்கு நோக்கி ஓடிக் கிளம்புவது வசதி. காற்று 240 டிகிரியிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து, 20 நாட் (மணிக்கு 37 கி.மீ.) வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொள்வோம். ஓடுபாதைக்கு 30 டிகிரி இடப்புறம். பக்கவாட்டில் 10 நாட், எதிரே சுமார் 17 நாட். செஸ்னாவின் கையேடு பக்கக் காற்றுக்குச் சொல்லும் அளவு 15 நாட், மணிக்கு 28 கி.மீ. சோதனைப் பறப்பில் செய்துகாட்டிய அளவு அது. ஆகவே கணக்குப்படி கவலை இல்லை.

ஆனால் மதியக் காற்று சீராக வீசாது. வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து சூடான காற்று மேலே எழும்ப, உயரத்தில் வேகமாக ஓடும் காற்று கீழே இறங்கி வருகிறது. இந்தத் திடீர் வீச்சில் 20 நாட் ஒரு நொடியில் 30 ஆகிறது. எதிர்க்காற்று 17-லிருந்து 26. இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பதால், 45 நாட்டில் ஓடும் விமானம் திடீரென 54 நாட்டை உணர்ந்தால் தூக்குவிசை 44 சதவீதம் கூடிவிடும். விமானி மூக்கைத் தூக்குவதற்கு முன்பே விமானம் எழும்பப் பார்க்கும்.

சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்வரை டயரின் பிடிப்பு விமானத்தைப் பக்கவாட்டில் நகரவிடாது. தரையை விட்டதும் அந்தப் பிடிப்பு போய்விடுகிறது. விமானம் காற்றோடு வலப்புறம் நகர்கிறது. அப்போது வீச்சு அடங்கினால் கிடைத்த 9 நாட்டும் பறிபோகும். நகர்ந்தபடியே தரையில் விழுந்தால் சக்கரக் கால்கள் பக்கவாட்டு அடியைத் தாங்காமல் மடங்கலாம், இறக்கை நுனி தரையில் உரசலாம்.

27-இல் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பயிற்சி விமானிகளுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். வால் துடுப்பில் காற்று படுவதால் விமானத்தின் மூக்கு காற்று வரும் பக்கம், அதாவது இடப்புறம் திரும்பப் பார்க்கும். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் செஸ்னாவின் புரொப்பெல்லர் கடிகார முள் திசையில் சுழல்கிறது. முழு விசையில் அதுவும் மூக்கை இடப்புறமே இழுக்கிறது. இரண்டையும் சமாளிக்க வேண்டியது வலக்காலால் மிதிக்கும் ரடர் (வாலில் மூக்கைத் திருப்ப உதவும் பலகை) ஒன்றுதான். காலில் கவனம் போகும்போது, காற்று வரும் பக்கத்து இறக்கை தூக்காமலிருக்க இடப்புறம் திருப்பிப் பிடித்த எய்லரானைக் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) கை தளர்த்திவிடக் கூடாது. வேகம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

வீச்சுக் காற்றில் வழக்கமான 55 நாட்டைவிடச் சில நாட் கூடும்வரை சக்கரங்களைத் தரையிலேயே அழுத்தி வைத்திருந்து, பிறகு தயங்காமல் எழும்ப வேண்டும். எழும்பியபின் மூக்கைக் காற்றின் பக்கம் சற்றே திருப்பினால் பாதை நேராகும். எழும்புமுன் மூக்கு கைமீறித் திரும்பினால் உடனே விசையைக் குறைத்து நிறுத்த வேண்டும். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள மதுரை ஓடுபாதையில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.