கார் வாங்கும் முன் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள்

போன மாதம் என் பட்டறைக்கு ஒரு பெரோடுவா கெனாரி வந்தது. பின்பக்கத்தில் குலுக்கலைத் தாங்கும் எப்சோபர் இரண்டும் போய்விட்டன. செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் தினமும் ஓடுகிற காருக்கு வேறென்ன ஆகும்? ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். "அண்ணே, இதுல காசு போடவே மனசு வரல. தீப்பெட்டி மாதிரி இருக்கு. கூட்டாளிங்க கிண்டல் பண்றானுங்க. இதைத் தள்ளிட்டு வேற ஒண்ணு எடுக்கலாம்னு பாக்குறேன்" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்கதவு திறந்தது. உள்ளே அவருடைய பாட்டி. முழங்கால் வலிக்காரர். ஒரு காலைத் தரையில் வைத்தார், மறு காலை வைத்தார், எழுந்துவிட்டார். குனியவில்லை, யார் கையையும் பிடிக்கவில்லை. கூரை உயரமாக இருப்பதால் இருக்கையையும் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். தம்பி தீப்பெட்டி என்று சொன்ன அந்த வடிவத்தால்தான் பாட்டி தானே இறங்கினார். அதை அவரிடம் அப்போதே காட்டினேன்.

சுங்கை சிப்புட்டில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கார் பழுது பார்க்கிறேன். அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லப்பட்ட கார்களைக் கழற்றிப் பார்க்கும்போது, உள்ளே உட்காரும் மனிதரை யாரோ நினைத்துப் பார்த்திருப்பது பல முறை தெரிந்திருக்கிறது.

அந்தக் காலத்துக் கிராணிமார் ஆசையாக வைத்திருந்த மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் வந்தது. அதைப் பார்த்த கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபு, தண்ணீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று கோபப்பட்டாராம். வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், வண்டி ஒடுக்கமாக இருக்கிறதென்று மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் 4 அங்குலம் சேர்த்தார். அதற்குள் பழைய அளவில் பம்பர்களைச் செய்து முடித்துவிட்டார்கள். அவற்றையும் வெட்டி நடுவில் ஒரு துண்டை வைத்து ஒட்டினார்கள். ஆரம்பகால மோரிஸ் மைனர் கிடைத்தால் பம்பரின் நடுவைப் பாருங்கள், அந்த 4 அங்குலத்தை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

1959இல் வந்த ஃபோர்ட் ஆங்லியாவின் பின்கண்ணாடி வெளிப்பக்கம் சாயாமல் உள்பக்கம் சாய்ந்திருக்கும். பார்க்க விசித்திரம்தான். ஆனால் மேலே கூரை நீண்டு நிற்பதால் பின்னால் உட்காருபவருக்குத் தலை இடிக்காது, கண்ணாடியிலும் மழை அவ்வளவாக விழாது. தைப்பிங் மழையில் வண்டி ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இத்தாலியின் ஃபியாட் மல்டிப்ளா 1998இல் வந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு புடைப்பு, அதில் தனியாக இரண்டு விளக்குகள். உலகத்தின் அசிங்கமான கார்ப் பட்டியல் எது வந்தாலும் இது இருக்கும். ஆனால் நான்கு மீட்டர் நீளத்துக்குள் முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர், சாமான்களும் வைக்கலாம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமே 1999இல் இதைக் கண்காட்சியில் வைத்தது. கிண்டல் பொறுக்காமல் 2004இல் முகத்தை மாற்றி, சாதாரணக் காராக்கிவிட்டார்கள். எனக்கு அது வருத்தம்தான். நிஸான் எஸ்-கார்கோ என்று ஒரு சிறிய வேன் உண்டு, 1989 முதல் 1991 வரை செய்தார்கள். முதுகு நத்தை ஓடு மாதிரி இருக்கும். மலாயில் சிப்புட் என்றாலே நத்தை என்பதால் எங்கள் ஊர்க்காரனான எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

வித்தியாசமான எல்லாமே நல்லது என்று சொல்லவில்லை. 1958 மாடல் எட்சல் காரில் கியர் பொத்தான்களை ஸ்டீரிங்கின் நடுவில் வைத்தார்கள். ஹார்ன் இருக்க வேண்டிய இடம் அது! அடுத்த ஆண்டே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஏஎம்சி பேசரில், பின்னால் ஏறுபவர் நடைபாதைப் பக்கமாக எளிதாக ஏறட்டும் என்று ஒரு கதவை மட்டும் நீளமாக்கினார்கள். நல்ல எண்ணம்தான். நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் பிரிட்டனுக்கு அதே வண்டி போனபோது, நீளக் கதவு ஓட்டுநர் பக்கம் வந்து நின்றது.

சரி, இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? இப்போது அழகு என்று விற்பனையாகும் வடிவங்களில் பக்கவாட்டுக் கண்ணாடி ஒடுங்கி, பின்கண்ணாடி சிறுத்துக்கொண்டே போகிறது. முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள் தடித்துவிட்டன. வண்டி குடைசாய்ந்தால் கூரை நசுங்காமல் இருக்க அது தேவை. ஆனால் முச்சந்தியில் வரும் ஒரு மோட்டார்சைக்கிள் முழுதாக அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்துவிடும். நம் நாட்டுச் சாலைகளில் அதிகம் இறப்பவர்கள் மோட்டார்சைக்கிளோட்டிகள். சந்தியில் தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், தூணுக்குப் பின்னால் இருப்பது தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பம்பர் கீறலுக்காக வண்டி கொண்டு வந்தார். புதிய, அழகான வண்டி. பின்னால் சாமான் வைக்கும் பெட்டியைத் திறந்து, நசுங்கிப்போன ஒரு மூன்று சக்கர சைக்கிளைக் காட்டினார். லயத்து வாசலில் ரிவர்ஸ் எடுத்திருக்கிறார். பிள்ளை தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தது. காட்டும்போது அவர் கை நடுங்கியது. அன்றிலிருந்து கார் வாங்க யோசனை கேட்பவர்களுக்கு ஒரு சோதனை செய்து காட்டுகிறேன்.

சின்ன முக்காலி, அதன் மேல் ஒரு சிவப்பு வாளி. ஏறக்குறைய மூன்று வயதுப் பிள்ளையின் உயரம். வண்டிக்குப் பின்னால் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள். வாளி கண்ணில் படும்வரை ஒருவர் அதை அடி அடியாகப் பின்னால் நகர்த்தட்டும். கேமரா இருக்கிறதே என்பார்கள். தோட்டத்துச் சேறு ஒரு முறை தெறித்தால் கேமராவில் எதுவும் தெரியாது.

அப்புறம் டிண்டட், அதாவது கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாள். மலேசியாவின் 2019 விதிப்படி முன்கண்ணாடியில் குறைந்தது 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். பின்பக்கம் எவ்வளவு கறுப்பாக ஒட்டினாலும் சட்டம் தடுக்காது. ஆனால் ஏற்கெனவே சிறிய பின்கண்ணாடியில் அதையும் ஒட்டிவிட்டால், இரவில் லயத்து விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை நின்றாலும் தெரியாது. வெயிலுக்கு வெளிர்நிறத்தில் வெப்பம் தடுக்கும் ஒட்டுத்தாள் கிடைக்கிறது. விலை கூடத்தான், ஆனாலும் அதைத்தான் ஒட்டச் சொல்வேன்.

தம்பியின் கெனாரியில் வாளி மூன்றாவது அடியிலேயே தெரிந்தது. பட்டறையில் நின்ற, அவர் ஆசைப்பட்ட மாதிரி வண்டியில் எட்டு அடி போக வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கி, தானே ஒரு முறை நடந்து அளந்து பார்த்தார்.

இந்தச் சனிக்கிழமை ஈப்போவுக்குப் பழைய கார் பார்க்கப் போகிறார். வாளியை என்னிடம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பாட்டியும் கூடப் போகிறார்.