ஸ்கேன் நார்மல் என்றால் வலி பொய்யாகிவிடுமா?

அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழையும்போதே மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) நோயாளியை ஓரளவு அடையாளம் தெரிந்துவிடும். கண்ணைக் கையால் பொத்தியிருப்பார். வாந்தி வந்தால் பிடிக்க ஒரு கவர் மடியில் இருக்கும். கட்டிலுக்கு மேலே எரியும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் நான் பேச்சையே தொடங்குவேன்.

"வலி எப்படி ஆரம்பித்தது?" இந்த ஒரு கேள்வியை அவசரப்படாமல் கேட்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறித்து, எழுந்து நடந்தால் கூடுகிறது, முன்பும் பலமுறை இப்படி வந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் மைக்ரேன்தான். அதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ஸ்கேன் நார்மல், ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இடி விழுந்தது போல ஒரு நிமிடத்துக்குள் வலி உச்சத்துக்குப் போனது என்றால் கதையே வேறு. மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கலாம். உடனே சிடி ஸ்கேன் வேண்டும். முதல் 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் கசிவு தப்புவது அரிது. காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், கை கால் பலவீனம், 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி, கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ வரும் கடும் வலி, இவையும் உடனே கவனிக்க வேண்டியவைதான். பழைய மைக்ரேன் நோயாளியே "இது வழக்கமான வலி இல்லை டாக்டர்" என்றால் நம்புங்கள்.

சரி, மருந்து. மைக்ரேனின்போது இரைப்பை மந்தமாகிவிடுவதால் விழுங்கிய மாத்திரை சரியாக உடலில் சேராது. அதனால் ஊசி மூலம் ரத்தக்குழாய் வழியாக மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. கொடுக்கிறோம். "அது வாந்திக்குத்தானே?" என்று உறவினர்கள் கேட்பார்கள். மைக்ரேன் வலியையும் அது குறைக்கும். சுமார் 15 நிமிடத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும்; சட்டென்று ஏற்றினால் படுக்கையில் இருக்க முடியாத தவிப்பு வரும். சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப் புண்ணும் இல்லாதவருக்குக் கீட்டோரோலாக் என்ற வலிநிவாரணி சேர்ப்போம். ஒரு டோஸ் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அடுத்த சில நாட்களில் வலி திரும்புவதைக் குறைக்கும். மார்ஃபின் வகை ஊசிகளை நான் தவிர்க்கிறேன். அவற்றுக்குப் பழகியவர்கள் அடிக்கடி திரும்பி வருகிறார்கள்.

வலி தணிந்த ஒரு பெண்ணிடம், மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணி 18 என்றார். மாதம் 15 நாளுக்கு மேல் சாதாரண வலி மாத்திரை, அதுவும் 3 மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வலி வராமலே தடுக்கும் மருந்துகள் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, வலி வரும் தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு போகச் சொன்னேன்.