டாஸ்: வட்டை இயக்குவதா, வட்டிலிருந்து இயக்குவதா?

அக்கா மகள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை நீட்டி, “மாமா, இது சரியா?” என்றாள். ‘டாஸ் என்பது கணினியின் வட்டை இயக்கும் இயங்குதளம் ஆகும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். கீழே ஒரு கேள்வி: ‘டாஸ் எதை இயக்குகிறது?’ விடை: வட்டு. இதே வாக்கியத்தை ஒரு காணொளியில் கேட்டிருக்கிறேன், ஒரு வார இதழ்த் துணுக்கில் படித்திருக்கிறேன். மூன்றாம் முறை பொறுக்கவில்லை.

டாஸ் என்பது கணினியை இயக்கும் மென்பொருள்; முழுப்பெயர் டிஸ்க் ஆப்பரேட்டிங் சிஸ்டம். டிஸ்க் என்பதைத்தான் வட்டு என்கிறோம். சொற்பிறப்பை முதலில் முடித்துவிடுவோம். டிஸ்க், எறிவட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. நம் வட்டும் பழைய சொல்தான். ‘அரங்கின்றி வட்டாடியற்றே’ என்று குறளில் (401) வருவது கட்டம் கீறி ஆடும் காய். கருப்பட்டியை வட்டுக் கணக்கில் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே வட்டோடு எனக்குச் சண்டை இல்லை. தட்டு என்பவர்களோடும் இல்லை. சண்டையெல்லாம் வட்டுக்கும் இயக்கத்துக்கும் நடுவே ஒளிந்திருக்கும் வேற்றுமை உருபைப் பற்றித்தான்.

மண்வெட்டி மண்ணை வெட்டும். அதற்காக மண்பானை மண்ணை ஏதோ செய்யும் பானை ஆகிவிடாது; மண்ணால் ஆனது. மலைக்கோட்டை மலையில் இருப்பது. தொகையில் உருபு கண்ணுக்குத் தெரியாது. விரிக்கிறவர்தான் பொருளறிந்து விரிக்க வேண்டும். டாஸின் பெயரிலுள்ள டிஸ்க் மண்வெட்டியின் மண்ணா, மலைக்கோட்டையின் மலையா?

மலைதான். தனிக்கணினிகள் வருமுன்பே இந்தப் பெயர் இருந்தது. ஐபிஎம் நிறுவனம் 1964இல் சிஸ்டம்/360 என்ற பெருங்கணினி வரிசையை அறிவித்தது. அதற்காக 1966இல் வந்தது டாஸ்/360. வட்டு வாங்க வசதியில்லாமல் காந்த நாடாவோடு காலம் தள்ளியவர்களுக்கு அதன் உடன்பிறப்பு ஒன்றும் இருந்தது. டேப் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். (அதன் சுருக்கத்தையும் தமிழில் டாஸ் என்றுதான் எழுதவேண்டியிருக்கும், அது தனித் தொல்லை.) நாடா முறைமை நாடாவை மட்டுமா இயக்கியது? கணினி முழுவதையும்தான் இயக்கியது. அதன் நிரல்கள் குடியிருந்த இடம் நாடா, அவ்வளவுதான். வட்டுக்கும் அதே கதை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு சாட்சி உண்டு, மறைக்க மாட்டேன். 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் பேசிக் என்ற நிரல்மொழி, அணைத்தாலும் அழியாத ரோம் சில்லிலேயே இருந்தது. நிரல்களை கேசட்டில் சேமித்தார்கள். அடுத்த ஆண்டு அதற்கு வட்டு டிரைவ் வந்தபோது, கோப்புகளை அதில் எழுதவும் படிக்கவும் ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. வெளி நிறுவனம் ஒன்றோடு 13,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பால் லாட்டன் எழுதிக் கொடுத்தார். அதுவே ஆப்பிள் டாஸ். வெளியான முதல் பதிப்பின் எண்ணே 3.1. கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, இது வட்டைக் கையாள மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. இங்கே ‘வட்டுக்கான’ என்று விரித்தால் நான் வாய் திறக்க மாட்டேன்.

ஆனால் நம்மூரில் டாஸ் என்று சொல்கிற எவரும் ஆப்பிளை நினைத்துச் சொல்வதில்லை. நாம் அறிந்த டாஸின் குலமரபு வேறு. கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபி/எம் என்ற இயக்கும் மென்பொருள் அதன் மூத்த தலைமுறை. ஏ, பி என்று டிரைவுக்கு எழுத்து வைப்பதும், கோப்புப் பெயருக்கு எட்டெழுத்து, ஒரு புள்ளி, மூன்றெழுத்து என்ற அளவும் அங்கிருந்து வந்தவையே. இன்டெலின் 8086 சில்லுக்கு சிபி/எம் வரத் தாமதமானதால், சியாட்டில் கம்ப்யூட்டர் பிராடக்ட்ஸ் நிறுவனத்தின் டிம் பேட்டர்சன் 1980இல் தானே ஒன்றை எழுதினார். பெயர் கியூடாஸ். இதில் நடுவில் நிற்கும் ‘டி’ வட்டே அல்ல! குயிக் அண்ட் டர்ட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பது அதன் விரிவு. இதை ‘விரைவான மற்றும் அழுக்கான இயங்குதளம்’ என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்ததையும் பார்த்தேன். அழுக்காம்! சோப்புப் போட்டிருந்தால் விண்டோஸ் ஆகியிருக்குமோ? அவசரத்துக்கு ஒப்பேற்றிய வேலை என்று ஆசிரியரே தன்னைக் கிண்டல் செய்துகொண்ட பெயர் அது. ‘ஒப்பேற்றல்’ என்று அருமையான சொல் இருக்க, அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறார்கள். அந்த ‘மற்றும்’ பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்று முடியாது.

பிறகு அதன் பெயர் 86-டாஸ் ஆனது. மைக்ரோசாப்ட் முதலில் உரிமம் பெற்று, 1981 ஜூலையில் முழுதாக வாங்கியது. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் தனிக்கணினியை அறிவித்தபோது அதுவே பிசி டாஸ். விலை 40 டாலர். போட்டிக்கு வந்த சிபி/எம்-86 விலையோ 240 டாலர். யார் வென்றார் என்று சொல்ல வேண்டுமா?

அந்தக் கணினியில் கேசட் செருகும் துளையும் இருந்தது. வட்டில்லாமல் இயக்கினால் ரோமிலிருந்த பேசிக் திரையில் வந்து நிற்கும். வட்டு இருந்தால் அதன் முதல் துண்டைப் படித்து, அங்கிருந்து டாஸ் கோப்புகளை நினைவகத்துக்கு ஏற்றி, கட்டுப்பாட்டை டாஸிடம் கொடுக்கும். வட்டிலிருந்து வந்ததால் வட்டுமுறைமை. வட்டைச் சுழற்றுவதும் காந்தமுனையை நகர்த்துவதும் டிரைவின் வேலை. ரோமிலுள்ள பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் அதற்கு ஆணையிடும். டாஸ் செய்தது கணக்குப்பிள்ளை வேலை: எந்தக் கோப்பு எந்தத் துண்டில், எவ்வளவு இடம் மிச்சம். வழிகாட்டிப் புத்தகத்தின் வரையறை உண்மையில் பொருந்துவது ‘வட்டு இயக்கி’க்குத்தான், அதாவது டிரைவுக்கு!

தொண்ணூறுகளில் கணினி மையத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படித்தவர்களுக்கு இது ஏட்டறிவு அல்ல. ஹார்டு டிஸ்க் இல்லாத பழைய இயந்திரத்தில் வேர்ட்ஸ்டார் என்ற எழுதும் நிரலை மூடிவிட்டு வெளியே வந்தால், ‘கமாண்ட்.காம் உள்ள வட்டைப் போடு’ என்று கேட்கும். கமாண்ட்.காம், நம் கட்டளைகளை வாங்கும் டாஸ் கோப்பு. பெரிய நிரல் நினைவகத்தில் வந்து உட்கார்ந்ததும் டாஸின் ஒரு பகுதி இடம் விட்டுப் போயிருக்கும். திரும்பி வர அதன் வீட்டுச் சாவியைக் கேட்கிறது. வட்டு அதன் வீடு என்பதற்கு இதைவிட என்ன சான்று?

இனி அந்த ‘இயங்குதளம்’. இதைத் தாங்கிப் பேசுகிறவர்கள் இலக்கணம் தெரியாதவர்கள் அல்லர். “ஆடுகளம் என்கிறோம், களமா ஆடுகிறது? சுடுகாடு என்கிறோம், காடா சுடுகிறது? அதுபோல நிரல்கள் இயங்கும் தளம், இயங்குதளம்” என்பார்கள். வினைத்தொகையாக அது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. ஆட்டத்தைத் தொடங்கி வைத்து, யாருக்கு முறை என்று சொல்லி, தவறினால் வெளியேற்றுகிற நடுவரைக் ‘களம்’ என்று யாராவது அழைப்போமா? ஆப்பரேட்டிங் என்பதில் இயக்குகிறவர் இருக்கிறார். பிறவினையாகிய இயக்கு, தன்வினையாகிய இயங்கு ஆனதும் அவர் காணாமல் போய்விடுகிறார்.

தளம் என்பதும் ஏற்கெனவே பாரம் தாங்காத சொல். இணையத்தளம் தளம், மாடி தளம், ராணுவத் தளம் தளம், பிளாட்ஃபார்மும் தளம். ‘இந்தச் செயலி பல தளங்களில் கிடைக்கும்’ என்றால் எதைச் சொல்கிறார்கள் என்று எழுதியவரையே கேட்க வேண்டியிருக்கிறது. சில்லும் அதை இயக்கும் முறைமையும் சேர்ந்த பிளாட்ஃபார்முக்கு அந்தச் சொல்லை விட்டுவையுங்கள் என்றால் கேட்பதில்லை. சின்னதாக இருக்கிறதாம், தலைப்பில் அடங்குகிறதாம். தலைப்பில் அடங்குவது மட்டுமே தகுதி என்றால் ‘ஓஎஸ்’ இன்னும் சின்னது.

தமிழ்நாட்டுப் பாடநூல் இயக்க அமைப்பு என்கிறது. இயக்கம் சரி, அமைப்பு இடிக்கிறது. கைபேசியில் செட்டிங்ஸையும் அமைப்புகள் என்றே போட்டிருக்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் பணிசெயல் முறைமை. முறைமை அழகு, ஆனால் பணி செய்வதும் செயல்தானே என்று ஒரு நெருடல். நான் இயக்குமுறைமை என்று எழுதுகிறேன். டாஸுக்கு வட்டுறை முறைமை என்று ஒருமுறை முயன்றேன், வட்டில் உறைவது என்ற பொருளில். நண்பர் அதை ஃபிளாப்பியின் காகித உறை என்று படித்ததும் கைவிட்டேன். இப்போது வட்டுவழி இயக்குமுறைமை. நீளம்தான். அடுத்தடுத்த வரிகளில் டாஸ் என்றே எழுதலாம், குற்றமில்லை, அது ஒரு பெயர்.

இவ்வளவையும் அக்கா மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி மாமா, தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் எதை எழுத?” என்றாள்.

“வட்டு என்றே எழுது” என்றேன். மதிப்பெண் முக்கியம்.