‘தெய்வீக உரிமை’ என்பது பிழை. ‘கடவுள்வழி அரசுரிமை’ என்க

இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் மன்னர்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர், அரசதிகாரம் கடவுளே தந்தது என்ற அம்மன்னர்களின் கொள்கையை (Divine Right of Kings) பெரும்பாலும் ‘அரசரின் தெய்வீக உரிமைக் கோட்பாடு’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். பிழை அந்த அடைமொழியில்தான் இருக்கிறது.

இந்தப் பெயரின் மூலம் லத்தீன். ‘யூஸ் திவினும்’ என்பது கடவுள் விதித்த சட்டம். மனிதர் இயற்றும் சட்டத்துக்கு மறுதலை. ‘யூஸ்’ சட்டத்தையும் உரிமையையும் ஒருங்கே குறிக்கும்.

தமிழில் ‘தெய்வீகம்’ தன்மையைச் சொல்லும் சொல். தெய்வீக இசை, தெய்வீக முகம் என்கிறோம். அதை அரசுரிமையோடு ஒட்டினால், மன்னர் தம்மையே தெய்வமென அறிவித்துக்கொண்டார் என்றுதான் படிப்பவர் கொள்வார். எகிப்தின் பாரோவுக்கு அது பொருந்தும். 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸுக்குப் பொருந்தாது. தம் அதிகாரம் குடிகள் தந்ததன்று, போப் தந்ததுமன்று, கடவுள் தந்தது, ஆகவே கணக்குக் கேட்கவும் கடவுளுக்கு மட்டுமே உரிமை உண்டு என்பதே அவருடைய வாதம். அவர் மகன் முதலாம் சார்லஸ் 1649இல் விசாரணைக்கு நிறுத்தப்பட்டபோது, எந்த அதிகாரத்தால் தம்மை விசாரிக்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாரே தவிர, குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லவில்லை.

‘தெய்வீக’த்தை விடமாட்டாதவர்கள் இரண்டு சான்று காட்டுவதுண்டு. அரசர்களைக் கடவுளே ‘தேவர்கள்’ என்று அழைத்திருப்பதாக ஜேம்ஸ் 1610இல் நாடாளுமன்றத்தாரிடம் பேசினார் என்பது முதலாவது. உண்மைதான், ஆனால் அதற்கு ஆதாரமான 82ஆம் சங்கீதம், தேவர்கள் என்று சொன்ன கையோடு, ‘ஆனாலும் நீங்கள் மனுஷரைப்போலச் செத்து’ப்போவீர்கள் என்கிறது. பட்டம் தந்தவரே எல்லையையும் வகுத்துவிட்டார். இரண்டாவது, அரசர் கை பட்டால் கண்டமாலை நோய் (கழுத்துக் கட்டிகள்) குணமாகும் என்ற நம்பிக்கை. அந்தச் சடங்கும் பாதிரியார் செபம் ஓத நடந்ததே. நலம் தருபவர் கடவுள், அரசர் அதற்கு வாயில் மட்டுமே.

தனித்தமிழ் அன்பர் சிலர் ‘இறையுரிமை’ என்பார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் ‘இறை’ கடவுளும் ஆகும், அரசனும் ஆகும், போதாக்குறைக்கு வரியும் ஆகும். யார் யாருக்குத் தந்த உரிமை என்பதே வழக்காக இருக்கும் இடத்தில், தந்தவரையும் பெற்றவரையும் ஒரே சொல்லால் சுட்டுவது தூய்மையாக இருக்கலாம், தெளிவாக இராது. ‘கடவுள்வழி அரசுரிமை’ சற்று நீளமானாலும் இந்தக் குழப்பத்துக்கு இடம் தராது.

‘தெய்வீக உரிமை’ நிலைபெற்ற சொல்வழக்கு என்று சொல்லித் தப்பும் மொழிபெயர்ப்பாளர்கள், அரசுரிமை ஆதாமிடமிருந்து வழிவந்தது என்று வாதிட்டு 1680இல் அச்சேறிய ஃபில்மரின் நூலுக்கு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் எழுதிய மறுப்பைத் தமிழாக்கும்போது என்ன செய்வார்கள்? அரசர் தெய்வமல்லர் என்று மெய்ப்பிக்க லாக் ஒரு பக்கமும் செலவிடவில்லை. கடவுள் ஆதாமுக்கு அப்படியோர் ஆட்சியுரிமை தந்தாரா, தந்திருந்தாலும் இன்றைய மன்னர்தான் அதன் வாரிசு என்று எப்படித் தெரியும் என்றே கேட்டார்.